மலையேறும் சங்கிலிக்கு ஒரு சொட்டு எண்ணெய்

மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுபவர்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள். மைலேஜைப் பற்றிப் பேசுவார்கள். வண்டியின் ஒலியைப் பற்றிக்கூட மணிக்கணக்கில் பேசுவார்கள். எஞ்சினின் உழைப்பு முழுவதையும் பின்சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் சங்கிலியைப் பற்றிய பேச்சு, அது கடகடக்கத் தொடங்கிய பிறகுதான் எழும். ஓட்டத்தின்போதே அந்தச் சங்கிலிக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும் ஒரு சிறு கருவி உண்டு. அதை வண்டியில் பொருத்திக்கொள்வது தேவையா, ஆடம்பரமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சமவெளியில் இரண்டு விடைகளுக்கும் இடமிருக்கலாம். சேர்வராயன் மலையில் ஒரு விடைக்குத்தான் இடமுண்டு என்பது நம் கருத்து.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,515 மீட்டரில். இடையிலுள்ள தொலைவு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருபவர் ஆண்டுக்கு ஒருமுறை ஏறி, ஏரியில் படகு விட்டு, பகோடா பாயிண்டில் நின்று படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார். அவருடைய சங்கிலிக்கு இம்மலை ஒரு பொருட்டல்ல. சேலத்திலிருந்து நாள்தோறும் மேலே வேலைக்கு வந்து திரும்புபவரின் கணக்கு வேறு. நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் பக்கமிருந்து மிளகு மூட்டையோ பால் கேனோ கட்டிக்கொண்டு இறங்கி ஏறுபவரின் கணக்கும் வேறு. திறந்த சங்கிலி உள்ள வண்டிகளுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடச் சொல்கின்றன பல கையேடுகள். நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் போய்வரும் ஒருவருக்கு எட்டே நாளில் அந்தக் கெடு வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் அதற்கும் முன்பே. எட்டு நாளுக்கு ஒருமுறை, வேலை முடிந்து இருட்டிய பிறகு, வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சங்கிலி துடைப்பவர் எத்தனை பேர்? இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. அது உடம்பின் களைப்பு.

சங்கிலியில் தேய்வது எது என்று பார்த்தால் இதன் தீவிரம் விளங்கும். இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை 1880-ல் மான்செஸ்டரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன் மேல் உருளும் ஓர் உருளை. சங்கிலி பற்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பின்னும் புஷ்ஷும் ஒன்றன்மேல் ஒன்று திரும்புகின்றன. தேய்மானம் நிகழ்வது அங்கேதான். சங்கிலி 'நீண்டுவிட்டது' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை, மூட்டுகள் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. நூறு கண்ணிகள் உள்ள சங்கிலியில் ஒவ்வொரு மூட்டும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், மொத்தச் சங்கிலி ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். பிறகு அது பற்களில் சரியாக உட்காராது. பற்கள் கொக்கிபோல் வளைந்து கூராகும். ஒன்றை மாற்றினால் போதாமல் மூன்றையும் சேர்த்துச் 'செயின் செட்' என்று மாற்ற வேண்டிவரும்.

மலைப்பாதை இதை இரு மடங்காக்குகிறது. ஏற்றத்தில் சங்கிலியின் மேல்பகுதி முறுக்கேறி இழுக்கிறது. இறக்கத்தில் கியரில் போட்டு எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும்போது கீழ்ப்பகுதி இழுபடுகிறது. பற்களின் மறுபக்கம் சுமை தாங்குகிறது. சமவெளியில் ஒரு பக்கம்தான் அதிகம் தேயும். இங்கே இரண்டு பக்கமும். அதோடு அடிவாரத்தை ஒட்டிய மேக்னசைட் சுரங்கப் பகுதியின் வெண்தூசியும் மலைமேல் பனிமூட்டமும் செம்மண் சேறும் சேர்ந்தால், சங்கிலியில் ஒட்டுவது கத்தி தீட்டும் பசைக்கு ஒப்பானது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததுபோன்ற நாட்களைச் சொல்லவே வேண்டாம். இறக்கத்தில் சங்கிலி அறுந்தால் எஞ்சினின் பிடி போய்விடும். அறுந்த சங்கிலி சுருண்டு பின்சக்கரத்தைப் பூட்டிவிடவும் கூடும். பதினான்காவது வளைவில் அது நிகழ்ந்தால் செயின் செட்டின் விலையைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை.

சங்கிலிக்குத் தானே எண்ணெய் போய்ச்சேர வேண்டும் என்ற எண்ணம் புதியதல்ல. பழைய டிரையம்ஃப், நார்ட்டன் வண்டிகள் சிலவற்றில் எண்ணெய்த் தொட்டியிலிருந்தே பின்சங்கிலிக்குச் சிறிது கசியும்படி வழி வைத்திருந்தார்கள். 1969-ல் வந்த ஹோண்டா சி.பி. 750-ல் கியர்பெட்டியின் வெளியேறு தண்டு வழியாகச் சங்கிலிக்கு எண்ணெய் வந்தது. 1970களில் ரப்பர் வளையங்களால் மசகை உள்ளேயே அடைத்து வைக்கும் 'ஓ-ரிங்' சங்கிலிகள் பரவின. தொழிற்சாலைகள் எண்ணெய்ச் சொட்டைக் கைவிட்டன. நம் நாட்டிலோ வேறொரு வழி இருந்தது. மைசூரில் தயாரான ஜாவாவும் 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ம் சங்கிலியை முழு உறைக்குள் மூடி வைத்தன. சேலைத் தலைப்பைக் காப்பாற்றிய அதே உறை சங்கிலியையும் சேற்றிலிருந்து காப்பாற்றியது. பிறகு 'ஸ்போர்ட்ஸ்' தோற்றத்துக்காகப் பல வண்டிகளில் உறையைக் கழற்றி எறிந்தோம். அழகு கூடியது, பராமரிப்பின் சுமை சத்தமில்லாமல் ஓட்டுபவரின் தலைக்கு மாறியது.

இன்னும் பின்னால் போனால், மாட்டு வண்டிக்காரர்கள் விளக்கெண்ணெயில் வைக்கோல் சாம்பலைக் குழைத்து அச்சுக்கு மசகிட்டார்கள். அதை மூங்கில் குழாயில் இட்டு வண்டியிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். மேடுபள்ளத்தில் அச்சு முறியக்கூடும் என்று உமணர்கள் உப்பு வண்டியின் கீழே மாற்று அச்சைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் ஓர் உவமையாக ஆளுகிறார். வழியில் வேண்டியதை வண்டியோடு எடுத்துச் செல்வது நமக்குப் பழகிய அறிவுதான். எண்ணெய்க் கருவி அந்த மூங்கில் குழாயின் பேரன்.

கருவி எளிமையானது. ஒரு சிறு எண்ணெய்ப் புட்டி, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, மெல்லிய குழாய், பின் பற்சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் ஒரு முனை. ஸ்காட்லாந்தின் 'ஸ்காட்டாய்லர்' புகழ்பெறச் செய்த முறையில், எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது எழும் வெற்றிட இழுப்பு வால்வைத் திறக்கிறது. எஞ்சின் நின்றால் வால்வு மூடிக்கொள்கிறது. நிமிடத்துக்கு ஓரிரு சொட்டு போதும். பற்சக்கரத்தில் விழுந்த சொட்டைச் சுழற்சியே வெளிநோக்கித் தள்ளிச் சங்கிலிக்குக் கொண்டுபோகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு இருபது சொட்டு, நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்று கொண்டால், 50 மில்லிலிட்டர் எண்ணெய் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வரும். மலைப்பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 500 கிலோமீட்டர். கையேடு சொல்லும் அதே கெடுதான். ஆனால் குந்தி உட்கார்ந்து துடைப்பதற்குப் பதிலாகப் புட்டியை நிரப்பினால் போதும்.

இந்த மலைக்கென்று சில நுணுக்கங்கள் உண்டு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே உள்ள 1,200 மீட்டர் உயர வேறுபாட்டில் வெப்பம் ஏறத்தாழ எட்டு டிகிரி குறைகிறது. எண்ணெய் வெப்பத்தில் இளகும், குளிரில் இறுகும். கீழே மே மாத வெயிலில் அளந்து வைத்த சொட்டு மேலே மார்கழிக் காலையில் பாதியாகிவிடலாம். மேலே அளந்தது கீழே தாரையாகலாம். ஆகவே பருவம் மாறும்போதெல்லாம் வால்வைத் திருத்த வேண்டும். வெற்றிட முறைக்கு இன்னொரு சிக்கல்: ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கும்போது இழுப்பு குறைகிறது, இறக்கத்தில் கூடுகிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதியை ஒட்டிப் பெரும்பாலான வண்டிகள் எரிபொருள் உட்செலுத்தும் முறைக்கு மாறிவிட்டன. காற்றுப் பாதையில் துளையிட்டு அங்கே கசிவு ஏற்பட்டால், எஞ்சின் தன் கணக்கைத் தவறவிடும், உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகும். அத்தகைய வண்டிகளுக்கு அசைவை உணர்ந்து இயங்கும் மின்வகையோ, கையால் திறந்து மூடும் வகையோ ஏற்றது.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயையும் அதன் உருளைத் திருகையும் கொண்டு வீட்டிலேயே கருவி செய்துகொள்பவர்கள் உலகெங்கும் உண்டு. செலவு மிகச் சொற்பம். அதன் குறையையும் சொல்லியாக வேண்டும்: வண்டியை நிறுத்தியபின் திருகை மூட மறந்தால் எண்ணெய் முழுவதும் தரையில். அதைவிடப் பெரிய ஆபத்து, அளவு மீறிய எண்ணெய் டயருக்குப் போவது. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது தரையைப் பிடிப்பது டயரின் ஓரம். சங்கிலி இருக்கும் பக்கத்து ஓரத்தில் எண்ணெய்ப் படலம் இருந்தால், சங்கிலியைக் காப்பாற்றப் போய் ஓட்டுபவரை இழக்க நேரும். முனையை அசையாமல் கட்டுவதும், பொருத்திய பின் முதல் சில நாட்கள் டயரின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பதும் கட்டாயம். பட்டறைகளில் சங்கிலிக்குப் பூசப்படும் பழைய எஞ்சின் ஆயிலைப் புட்டியில் ஊற்றவே கூடாது; அதில் மிதக்கும் இரும்புத் துகளும் கரியும் தேய்மானத்துக்கே துணைபோகும். சிந்தும் ஒவ்வொரு சொட்டும் தோட்டத்து மண்ணுக்கும் ஓடைக்கும்தான் போகிறது என்பதையும் மறக்கலாகாது. குறைவாகச் சொட்டுவதே நன்றாகச் சொட்டுவது.

இலக்கிய வாசகர்களிடமிருந்து எழக்கூடிய மறுப்பு வேறு வகையானது. 1974-ல் வந்த ராபர்ட் பைர்சிக்கின் நாவலைப் படித்தவர்கள், தன் கையால் வண்டியைப் பேணுவது ஒரு தியானம், அதைக் கருவியிடம் ஒப்படைப்பது அந்த உறவைத் துண்டிப்பது என்பார்கள். அந்நூலில் பராமரிப்பை வெறுக்கும் நண்பர் ஓட்டுவது பி.எம்.டபிள்யூ. அதில் சங்கிலியே கிடையாது. தண்டின் மூலம் சக்கரம் சுழல்கிறது. சங்கிலிக்கு எண்ணெயிடும் தொல்லையை விலை கொடுத்து முன்பே நீக்கிக்கொண்ட வண்டி அது. ஆகவே தியானம் எது, வசதி எது என்பதை வண்டியின் விலையும் தீர்மானிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சங்கிலி துடைப்பவருக்கு அது தியானமாக இருக்கட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. மழையில் இருபது வளைவுகளையும் இறங்கி வீடு சேர்ந்து, விடியற்காலையில் மீண்டும் ஏற வேண்டியவரிடம் போய் அந்தத் தியானத்தைப் பரிந்துரைப்பது கருணையற்ற செயல்.

அதே சமயம் மறுப்பில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. துடைக்கக் குந்தும்போதுதான் சங்கிலியின் தொய்வு கண்ணில் படுகிறது. கூராகிவிட்ட பல், தளர்ந்த நட்டு, டயரில் ஏறிய ஆணி எல்லாம் அப்போதுதான் தெரிகின்றன. கருவி சொட்டைத் தரும், பார்வையைத் தராது. அதைப் பொருத்திக்கொண்டவர் சங்கிலிப் பக்கமே திரும்பாமல் இருந்தால், நன்றாக எண்ணெயிடப்பட்ட சங்கிலியோடு விபத்தில் சிக்குவார். சொட்டைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். கண்ணை ஒப்படைக்க முடியாது.

நம் கோரிக்கை எளிமையானது. இந்தியச் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள் சங்கிலிகளில் கணிசமானவை தமிழ்நாட்டில் பிறந்தவை. கோவையின் எல்.ஜி.பி. 'ரோலான்' என்ற பெயரிலும், சென்னையின் டி.ஐ. குழுமம் 'டைமண்ட்' என்ற பெயரிலும் செய்கின்றன. ஓசூரிலும் சென்னையை ஒட்டியும் மோட்டார் சைக்கிள்களே தயாராகின்றன. இவ்வளவு அருகில் இருந்தும், மலைப்பாதையில் உழைக்கும் ஒருவர் எண்ணெய்க் கருவி வேண்டுமென்றால், ஒரு செயின் செட்டின் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், அல்லது குளுக்கோஸ் குழாயைத் தேட வேண்டும். ஒரு புட்டி, ஒரு வால்வு, ஒரு குழாய், ஒரு முனை. செயின் செட்டோடு சேர்த்து விற்கும் அளவுக்கு இதைச் சகாயமாகச் செய்ய நம் ஊர்ப் பட்டறைகளால் முடியாதா? முடியும் என்றே நாம் நம்புகிறோம். அதுவரை, பழைய வண்டியோ புதிய வண்டியோ, ஏற்காட்டுக்கு நாள்தோறும் ஏறி இறங்குபவர்களுக்கு நம் பரிந்துரை இதுதான்: நம்பகமான ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பொருத்திக்கொள்ளுங்கள், குறைவாகச் சொட்ட விடுங்கள், வாரம் ஒருமுறை குனிந்து பாருங்கள்.