ஏன் என்று சொல்லுங்கள்

இந்த வாரம் முழுக்க எனக்குக் கோபம். எந்த விமான நிலையம் என்று எழுதப்போவதில்லை. எங்கே இருந்தாலும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கும் என்பதே என் ஆத்திரத்துக்குக் காரணம்.

பாதுகாப்புச் சோதனை முடிந்து உட்கார்ந்திருக்கிறோம். திடீரென்று தலைக்கு மேலே தீ எச்சரிக்கை மணி அலறுகிறது. தூணில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. காபிக் கடை வரிசை கலையவில்லை. நின்றவர்கள் ஒருமுறை கூரையைப் பார்த்தார்கள், அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு கைபேசிக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு எதிரே ஒரு பாட்டி. முதல் விமானப் பயணம் போலிருக்கிறது, போர்டிங் பாஸை மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சாமி, மணி அடிக்குது?" என்று பேரனைக் கேட்டார்.

"டெஸ்டிங்கா இருக்கும் அப்பத்தா, நீ உக்காரு."

"எந்திரிச்சு வெளிய போகச் சொல்றாங்களோ என்னமோ..."

அவ்வளவு பெரிய கூடத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரு பொருள் இருக்கும் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். கொஞ்ச நேரத்தில் மணி நின்றது. ஏன் அடித்தது, ஏன் நின்றது என்று ஒலிபெருக்கியில் ஒரு சொல் இல்லை. சீருடையில் போன ஒருவரைப் பக்கத்து இருக்கைக்காரர் நிறுத்திக் கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்று நடந்துகொண்டே பதில் வந்தது.

ஒலிபெருக்கிகளோடு எனக்குள்ள நெடுநாள் வழக்கு இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். பேருந்து நிலைய அறிவிப்புகளைப் பற்றி எழுதியபோது, 'அறிவிப்பைக் கேட்டும் எழுந்து போகாதது பயணிகளின் அலட்சியம்தானே?' என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை என்பது என் கட்சி. அதைச் சொல்ல ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

1996 ஏப்ரல் 11. டுசெல்டார்ஃப் விமான நிலையத்தில் முனையத்தை ஒட்டிய மேல்தளச் சாலையில் வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. உருகிய உலோகத் துளிகள் கீழே இறங்கி, கூரைக்குள் பதித்திருந்த பாலிஸ்டைரீன் தகடுகளில் பற்றின. ஒரு பூக்கடைக்குப் பக்கத்தில் மேலிருந்து பொறி விழுவதை முதலில் பார்த்துச் சொன்னவர் ஒரு டாக்ஸி ஓட்டுநர். கூரையின் உள்வெளியில் தீ ஓசையில்லாமல் பரவி, பிறகு மொத்தமாக வெடித்து இறங்கியது. 17 பேர் இறந்தார்கள். சிலர் ஒரு விமான நிறுவனத்தின் ஓய்வறையில் சிக்கிக்கொண்டவர்கள். இன்னும் சிலர் லிஃப்டில் ஏறி இறங்கியவர்கள். லிஃப்ட் நேராகத் தீப்பிடித்த தளத்தில் போய்க் கதவைத் திறந்தது. ஆள் நிற்கிறாரா என்று பார்க்கும் ஒளிக்கற்றையைப் புகை மறைத்ததால், திறந்த கதவு மூடவே இல்லை. அவர்களில் யாரையும் அலட்சியக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த லிஃப்டில் ஏறியிருப்பார்களா?

ஆபத்தின் அறிகுறி தெரிந்தும் மனிதர் அசையாமல் இருப்பது ஏன் என்று 1968-லேயே லட்டானே, டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஒரு அறையில் ஆளை உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவரின் துளை வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூட இரண்டு பேர் ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தபோது, 10 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினார்கள். காபிக் கடை வரிசையில் நான் பார்த்ததும் இதைத்தான். ஒவ்வொருவரும் அடுத்தவரின் அமைதியைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

இனி நான் சொல்லவந்த பெண்மணி. கில்லென் ப்ரூ. கனடாவின் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தில், தீ விபத்தின்போது மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையே ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். 2009-இல் காலமானார். ஜொனதன் சைம் என்பவரோடு சேர்ந்து 1991-இல் அவர் வெளியிட்ட கட்டுரையைப் பார்ப்பவர்களிடமெல்லாம் படிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மக்களிடம் உண்மையைச் சொன்னால் என்ன என்று தலைப்பிலேயே கேட்கும் ஆராய்ச்சிக் கட்டுரை அது.

அதன் பின்னணி லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீ. 1987 நவம்பரில் 31 பேரைக் கொன்ற தீ. அதற்குப் பிறகு நியூகாசில் நகரின் மான்யுமென்ட் என்ற சுரங்க மெட்ரோ நிலையத்தில், பயணிகளுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஐந்து முறை வெளியேற்ற ஒத்திகை நடத்தினார்கள். முதல்முறை வெறும் மணி. நடைமேடையில் நின்றவர்கள் ரயிலுக்குக் காத்துக்கொண்டே நின்றார்கள். கிட்டத்தட்ட கால்மணி நேரம் ஆகியும் நிலையம் காலியாகவில்லை. இன்னொரு முறை மணியோடு ஒரு பொது அறிவிப்பு: உடனே வெளியேறுங்கள், அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்தது. கடைசி முறை என்ன நடந்திருக்கிறது, எந்த இடத்தில், யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் விவரமாகச் சொன்னார்கள். ஆறு நிமிடத்துக்குள் நிலையம் காலி. ஒருவரும் ஒருவரையும் மிதிக்கவில்லை.

இந்த வேறுபாட்டுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. புதுச் சுரங்கம் தோண்டவில்லை, படிக்கட்டை அகலமாக்கவில்லை. காரணத்தைச் சொன்னார்கள், அவ்வளவே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருக்கும் இந்த அறிவு நம் கூடங்களின் ஒலிபெருக்கிக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் எனக்குத் தாளவில்லை.

ஏன் சொல்ல மறுக்கிறார்கள்? உண்மை தெரிந்தால் ஜனங்கள் பீதியடைந்து முண்டியடிப்பார்கள் என்று மேலிடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்புகிறார்கள். நியூயார்க் கென்னடி விமான நிலையத்தைக் காட்டுவார்கள். 2016 ஆகஸ்ட் 14 இரவு அங்கே துப்பாக்கிச் சத்தம் என்று நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் ஓடினார்கள். துப்பாக்கியே இல்லை. ஒலிம்பிக் ஓட்டத்தில் உசைன் போல்ட் வென்றதற்கு எழுந்த கைதட்டலாக இருக்கலாம் என்றார்கள் பிறகு. ஆனால் அங்கேயும் உண்மையை எடுத்துச் சொல்ல ஒரு குரல் இல்லை என்பதுதானே விஷயம்? ஊழியர்களுக்கே தெரியவில்லை, அவர்களில் பலரும் கூட ஓடினார்கள். தகவல் இல்லாத இடத்தில் மனிதர் உறைந்து நிற்பார், இல்லையென்றால் கண்மண் தெரியாமல் ஓடுவார்.

நமக்கு மீனம்பாக்கம் இருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2. கொழும்பு விமானத்துக்கு வைத்த இரண்டு பெட்டிகள் ஏறாமல் நிலையத்திலேயே தங்கிவிட்டன. வெடிகுண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. பெட்டியை வெளியே எடுக்கக் கடத்தல்காரர்கள் செய்யும் தந்திரம் என்று அதிகாரிகள் சந்தேகித்ததாகச் சொல்வார்கள். இரவு பதினோரு மணி வாக்கில் வெடித்தது. 33 பேர் இறந்தார்கள், பலர் இலங்கைப் பயணிகள். அந்தச் சந்தேகத்தில் கழிந்த நேரத்தில் கூடத்தில் இருந்தவர்களை வாசலுக்கு அனுப்பியிருக்கலாம் என்ற எண்ணம், நாற்பது ஆண்டு கழித்தும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

வால்டர் பெய்லியைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. விமான நிலையத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், சின்சினாட்டி நகருக்கு அக்கரையில், பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் என்று ஒரு பெரிய விருந்து மாளிகை இருந்தது. 1977 மே 28, சனிக்கிழமை இரவு. அதன் கேபரே அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து மேடையில் நகைச்சுவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டடத்தின் இன்னொரு பகுதியில் தீ பிடித்துவிட்டது. அரங்கில் மணி இல்லை. பெய்லிக்கு வயது 18. மேசையில் எச்சில் தட்டெடுக்கும் வேலை.

தீ என்று கேள்விப்பட்டதும் அரங்குக்கு ஓடிவந்து, ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னான் அந்தப் பையன். அவர் தயங்கினார். பெய்லி காத்திருக்கவில்லை. நேராக மேடை ஏறி, நடிகர்களிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கினான். வலது மூலையில் ஒரு வாசல் இருக்கிறது பாருங்கள், இடது மூலையில் ஒன்று இருக்கிறது பாருங்கள் என்று கையால் காட்டினான். கட்டடத்தின் முன்பகுதியில் தீ, அமைதியாக எழுந்து போங்கள் என்றான். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதியோ என்று சிலர் சிரித்தார்களாம். பெரும்பாலானவர்கள் எழுந்தார்கள். சில நிமிடங்களில் கரும்புகை அரங்குக்குள் பாய்ந்தது. அன்று 165 பேர் இறந்தார்கள். அந்தப் பையன் மேடை ஏறியிருக்காவிட்டால் எத்தனை நூறாக ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

அவன் செய்ததில் எதுவுமே கடினமானதல்ல. என்ன, எங்கே, எந்தப் பக்கம். ப்ரூவின் கட்டுரை வர இன்னும் பதினான்கு ஆண்டு இருந்தது. அதன் சாரம் முழுவதும் தட்டெடுக்கும் பையனின் அந்தச் சில வாக்கியங்களில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அவன் வாசலைக் கையால் காட்டினான் என்பது. பதிவுசெய்த குரல்கள் 'அருகிலுள்ள அவசர வழியைப் பயன்படுத்தவும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும். பெய்லி அங்கே இருக்கிறது பார் என்றான்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஓடுபாதையிலேயே எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். உள்ளே அறிவிப்புக் கருவி செயலிழந்திருந்தது. பணிப்பெண்கள் மெகாபோனிலும் வாயாலும் கத்தியே இறக்கினார்கள். கருவி கெட்டாலும் ஒரு மனிதக் குரல் போதும்.

நம் நாட்டில் பல விமான நிலையங்கள் இப்போது 'அமைதி விமான நிலையம்' என்று பெயர் வாங்கியிருக்கின்றன. விமானம் புறப்படும் அறிவிப்புகள்கூடத் திரைக்குப் போய்விட்டன. காதுக்கு இதம், எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் எப்போதும் பேசாத ஒலிபெருக்கி பேச வேண்டிய நாளில் பேசியே ஆக வேண்டும்.

நிலையத்தை நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மணி அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் ஆள் பேசுங்கள், பதிவுசெய்த குரல் வேண்டாம். அந்த ஊர் மொழியில் முதலில் பேசுங்கள். தீ என்றால் தீ என்று சொல்லுங்கள், தவறுதலாக அடித்தது என்றால் அதையும் சொல்லுங்கள். முதல் தடவையாக விமானம் ஏறவந்த ஒரு பாட்டிக்குப் புரிகிறதா என்பதுதான் பரீட்சை.

வாசகர்களுக்கு ஒன்று. அடுத்தமுறை மணி கேட்டால் யார் முகத்தையும் பார்க்காதீர்கள். பெட்டியை விட்டுவிட்டு எழுந்திருங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் "வாங்க, வெளிய போயிடலாம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவர் காத்திருப்பது உங்களுக்காகத்தான்.