துடைத்துப் போடுவதா தீர்வு?



கணினி சற்றே திணறினால் போதும். "நச்சுநிரல் புகுந்துவிட்டது ஐயா, ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்று தீர்ப்புச் சொல்ல ஆள் வந்துவிடுகிறார். நோயைப் பாராமலே மருந்து கொடுக்கும் இந்தப் பழக்கத்தைக் கண்டித்தே இப்பதிவை எழுதுகிறேன். பிரிஞ்சாங்கில் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியனுக்கு இதைப் பேச என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். இழந்தவன் என்னும் தகுதி போதாதா?

எங்கள் ஆசிரியர் அறைக் கணினி, தேர்வுத்தாள்களைப் படியெடுக்கும்போதும் நச்சுநிரல் தடுப்பி வன்தட்டைச் சோதிக்கும்போதும் ஐந்து பத்து விநாடிகள் உறைந்து நிற்கும். எந்தச் சாளரமும் பதில் தராது. வன்தட்டு விளக்கு மட்டும் அணையாமல் எரியும். பிறகு ஒன்றும் நடவாததுபோல் ஓடும். பழுதுபார்க்க வந்தவர் ஒருமுறை துடைத்தார். மூன்றே வாரத்தில் பழைய கதை. மறுமுறை துடைத்தபோது, தேயிலைத் தோட்டத்துப் பாட்டிகளிடம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் கேட்டுப் பதிவு செய்த பேச்சுகள் அனைத்தும் அழிந்தன. வேறிடத்தில் படி எடுத்து வைக்காதது என் குற்றம், மறுக்கவில்லை. கேளாமல் துடைத்தது யார் குற்றம்?

"துடைத்த மறுநாள் விரைவாக ஓடுகிறதே" என்பார்கள். ஓடத்தான் செய்யும். கோப்புகள் குறைவு, பின்னணியில் இயங்கும் மென்பொருள்களும் குறைவு. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒருமுறை சுற்றிவர 8.3 மில்லிவிநாடி ஆகிறது. படிக்கும் முனை இடம்விட்டு இடம் நகரும் நேரத்தையும் கூட்டினால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் தரவுகளை அது விநாடிக்கு ஏறக்குறைய நூறு முறைதான் எடுத்துத்தர முடியும். வேலை குறைந்தால் வரிசை குறையும், பழுது மறையும். மறைவது வேறு, தீர்வது வேறு அல்லவா?

பார்க்க வேண்டிய இடங்கள் விண்டோசிலேயே உள்ளன. உறையும் நேரத்தில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து வையுங்கள். செயலி சும்மா இருக்க, வன்தட்டு நூறு விழுக்காடு வேலையில் இருப்பதாகக் காட்டி, தரவோ சொட்டுச் சொட்டாக நகர்ந்தால், தாமதம் வன்தட்டின் பக்கம். நினைவகம் நிரம்பி வழிந்தால் அது வேறு நோய். கூடுதல் நினைவகம் போடுங்கள். அடுத்து, ஈவென்ட் வியூவர் என்னும் நிகழ்வுப் பதிவேடு. உறைந்த அதே மணித்துளியில் 129 அல்லது 153 என்னும் எண் பதிவாகியிருந்தால், கேட்ட தரவு உரிய நேரத்தில் வராமல் விண்டோசு மீண்டும் முயன்றிருக்கிறது என்று பொருள். 7 என்றால் தட்டில் கெட்ட பகுதி இருக்கிறது.

மூன்றாவதாக வன்தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்பு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். 5, 197 ஆகிய எண்களுக்கு நேரே கணக்கு ஏறினால் தட்டின் பரப்பு கெடுகிறது. படிக்க முடியாத இடத்தை வன்தட்டு திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை கணினி காத்து நிற்கும். அத்தகைய தட்டில் ஃபார்மட் போடுவது சாகக் கிடப்பவனை ஓடச் சொல்வதற்கு ஒப்பு! முதலில் கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும். 199 ஏறினால், தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே உள்ள கம்பியில் ஐயம் கொள்ளலாம்.

எங்கள் கணினியில் 5, 197 இரண்டும் சுழியம். 199 மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. சாட்டா கம்பியை மாற்றினேன். பழைய கணக்கு அழியாது. ஆனால் அதன்பின் ஓர் எண்கூட ஏறவில்லை, உறைவும் இல்லை.

இப்போது புதுக் குரல் ஒன்று. விண்டோசு 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதாம், ஆகவே எல்லாவற்றையும் தூக்கி எறிந்து புதிது வாங்க வேண்டுமாம். பாதுகாப்புக் கவலை உண்மையே. அதைத் தனியாகப் பேசுவோம். உறைவைக் காட்டிப் பெற்றோரிடம் பணம் திரட்டாதீர்கள். தோட்டத்தில் கொழுந்து கிள்ளிச் சேர்த்த பணம் அது.

கழற்றிய கம்பி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அடுத்து யாரேனும் ஃபார்மட் என்று வாய் திறந்தால் எடுத்துக் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.