நீவிவிட அது சுளுக்கு அல்ல

டாஷ்ஹண்ட் நாய் பின்னங்கால் தள்ளாடி நடந்தால் வெறும் சுளுக்குதான். தைலம் போட்டு நீவிவிட்டு, தினமும் கொஞ்ச தூரம் நடக்கவைத்தால் போதும். ஆபரேஷன் என்பது டாக்டர்கள் காசு பிடுங்கும் வழி. சென்ற இதழில் நாய்க்குட்டி விற்கும் அன்பர் ஒருவர் இப்படி அடித்துச் சொல்லியிருக்கிறார். நெடுநாள் அனுபவமாம். இருக்கட்டும், அவர் பேச்சைக் கேட்டால் முடங்கப்போவது அவருடைய இடுப்பு இல்லையே.

இந்த இனத்தில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் உட்கூழ், ஒரு வயதுக்குள்ளாகவே காய்ந்து சுண்ணாம்பாகக் கெட்டிப்படத் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள், விலா முடிந்து இடுப்பு தொடங்கும் பகுதியில் வட்டின் சுவர் கிழிந்து, அந்தச் சரக்கு பீறிட்டுத் தண்டுவடத்தை நசுக்குகிறது. கிழிந்த அந்த இடத்தில்தான் கட்டைவிரலால் அழுத்தி நீவச் சொல்கிறார். உண்மையில் லேசான நிலையில் தேவைப்படுவது, குறைந்தது நான்கு வாரம் கூண்டுக்குள் ஓய்வு. ஒன்றுக்குப் போகக்கூட முதுகு வளையாமல் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

அவர் கையால் தேறிய நாய்கள் இருக்கின்றனவாம். இருக்கும். வலியும் லேசான தள்ளாட்டமும் மட்டும் உள்ளவற்றில் பல தாமாகவே தேறும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்குக் காக்கை கட்டுரை எழுதுகிறது. தேறாத நாய்களைத் தூக்கிக்கொண்டு யாரும் அவரிடம் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள்.

கட்டுரையிலேயே ஆபத்தான இடம் வேறு. படுத்துவிட்ட நாயின் விரலைக் கிள்ளினாராம், காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதாம், ஆகவே உணர்ச்சி இருக்கிறதாம். ஐயா, காலை இழுப்பதற்கு மூளை தேவையில்லை. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியே அதைச் செய்துவிடும். கிள்ளும்போது நாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா? வந்தால் வலி மூளைக்குப் போகிறது; அப்படிப்பட்ட நாய்களில் பத்துக்கு ஒன்பது ஆபரேஷனுக்குப் பிறகு நடந்துவிடுகின்றன. வலியே தெரியவில்லையென்றால் அது ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகிவிடும். முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்குச் சரிய சில மணி நேரம் போதும். அந்த நேரத்தில்தான் இவர் தைலப் புட்டியைத் திறக்கச் சொல்கிறார்.

'சிறுநீர் சொட்டுவதால் பை நன்றாக வேலை செய்கிறது' என்பதும் இதே ரகம். பை நிரம்பி வழிந்தாலும் சொட்டத்தான் செய்யும். வீட்டிலுள்ள வலி மாத்திரையில் கால்வாசி கொடுக்கலாம் என்கிறார். நமக்கான புரூஃபென், டைக்ளோஃபெனாக் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஆபரேஷனுக்குச் செலவு அதிகம் என்பதில் மட்டும் அவரோடு எனக்குச் சண்டையில்லை. எல்லோராலும் முடியாது. ஆனால் முடியாதவர் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கூண்டு ஓய்வைத் தேர்ந்தெடுப்பது வேறு, சுளுக்கு என்று நம்பி நடக்கவைப்பது வேறு.

கடைசியாக, தன் குட்டிகளின் பரம்பரையில் இந்த நோயே கிடையாது என்கிறார். வட்டுகளை இப்படிக் கெடவைக்கும் மரபணு மாற்றத்தைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2017-இல் கண்டுபிடித்தார்கள். டாஷ்ஹண்டுகளில் அது இல்லாத நாயைப் பார்ப்பதே அரிது. டென்மார்க்கிலும் பின்லாந்திலும் இனப்பெருக்கத்துக்கு விடுமுன் முதுகை எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த வட்டுகளை எண்ணிப் பார்க்கிறார்கள். இவர் தன் நாய்களில் ஒன்றுக்காவது அப்படி எடுத்திருந்தால் அந்தப் படத்தை அடுத்த இதழுக்கு அனுப்பட்டும்.