எமர்சனின் வலது கை

2016 மார்ச் 11ஆம் திகதி கலிபோர்னியாவின் சான்ரா மொனிக்கா நகரில் கீத் எமர்சன் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 71. வலது கை நரம்புகளில் ஏற்பட்ட பாதிப்பினால் விரல்கள் பழையபடி இயங்க மறுத்தன. அடுத்த மாதம் ஜப்பானில் நடைபெறவிருந்த நிகழ்ச்சிகளில் ரசிகர்களை ஏமாற்றிவிடுவோமோ என்ற அச்சம் அவரை வாட்டியதாகவும், அவரது வாசிப்பை இழித்துச் சிலர் இணையத்தில் எழுதியவை அவரைப் புண்படுத்தியதாகவும் அவரது துணைவியார் பத்திரிகைக்குக் கூறியிருந்தார்.

'புரோகிரசிவ் றொக்' என்னும் இசைவகையைக் கெடுத்தவர்கள் இத்தகைய வேகவிரல் கீபோட் வித்துவான்களே என விமர்சகர்கள் 1970களிலிருந்தே எழுதி வந்திருக்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

றொக் இசையில் கிற்றார் கோலோச்சிய காலம் அது. 1970இல் எமர்சன், லேக், பால்மர் ஆகிய மூவரும் அமைத்த குழுவில் கிற்றார் இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட, அலுமாரி போன்ற மூக் சிந்தசைசரை எமர்சன் மேடைக்குக் கொண்டுவந்தார். மண்டபம் சூடேறினால் சுருதி விலகிவிடும் கருவி. அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் வாசித்தார். முசோர்க்ஸ்கி 1874இல் பியானோவுக்கென எழுதிய 'பிக்சர்ஸ் அற் அன் எக்ஸிபிஷன்' இக்குழுவின் இசைத்தட்டாக 1971இல் வெளிவந்து, ரஷ்ய இசைமேதையின் பெயரையே அறியாதிருந்த இளைஞர்களின் காதுகளையும் எட்டியது. இதனை வெறும் வித்துவச் செருக்கு என்று எப்படித் தள்ளிவிடுவது?

ஆடம்பரம் இருந்தது, நான் மறுக்கவில்லை. எமர்சன் ஓர்கன் கட்டைகளுக்கிடையே கத்தியைச் செருகினார். யெஸ் குழுவில் புகழ்பெற்ற றிக் வேக்மன், ஆர்தர் மன்னன் கதையை 1975இல் லண்டன் வெம்பிளியில் பனிச்சறுக்குக் காட்சியாகவே மேடையேற்றினார். 1977இல் எமர்சனின் குழு பெரும் வாத்தியக் குழுவொன்றை வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அழைத்துச் சென்று, செலவு தாங்காமல் இடைநடுவில் அதனைக் கைவிட்டது. ஆனால் கத்திக்கும் பனிக்கும் கைதட்டியவர்கள் யார்? இன்னும் வேகம், இன்னும் உயரம் என்று கேட்டவர்களும் நாமே. அலுத்தபின் பரிகசித்தவர்களும் நாமே.

'லக்கி மேன்' பாடலின் இறுதியில் வரும் சிந்தசைசர் வாசிப்பைக் கேட்டுப் பாருங்கள். அதில் வேகமே இல்லை; சுரங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்கின்றன. கிறெக் லேக் சிறுவயதில் கிற்றாரில் அமைத்த எளிய பாடல் அது. புதிதாக வந்த கருவியில் எமர்சன் ஒத்திகையாக வாசித்ததை அப்படியே பதிவுசெய்துவிட்டார்கள். அவருக்குத் திருப்தியில்லை, இன்னொரு முறை வாசிக்கக் கேட்டார். இதுவே போதும் என்றனர் மற்றவர்கள்.