வீட்டுக் காணொளித் தொகுப்புக்கு எவ்வளவு நினைவகம் போதும்?

பல இல்லங்களின் அலமாரிகளில் மினிடிவி நாடாக்கள் உறங்குகின்றன. திருமணங்கள், குழந்தைகளின் மழலை, இன்று நம்மிடையே இல்லாத எழுத்தாளர்கள் இலக்கியக் கூட்டங்களில் ஆற்றிய உரைகள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றித் தொகுக்கலாம் என்று எண்ணுவோர் முதலில் கேட்பது, ரேம் எனப்படும் நினைவகம் எவ்வளவு வாங்குவது என்பதே. எங்கள் கருத்து இதுதான்: உங்கள் காணொளிக்குத் தேவையான கொள்ளளவை வாங்குங்கள், வேகத்திற்கும் வண்ண விளக்குகளுக்கும் கொடுக்கவிருக்கும் கூடுதல் பணத்தில் ஒரு வெளி வன்தட்டு வாங்குங்கள்.

கொள்ளளவு ஏன் முதன்மையானது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். காணொளிக் கோப்பு வட்டில் சுருக்கப்பட்டிருக்கும். திரையில் காட்ட அதை விரித்தாக வேண்டும். முழு எச்டி படத்தின் ஒரு சட்டகத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது ஏறத்தாழ 20.7 இலட்சம் படப்புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் எனக் கொண்டால் ஒரு சட்டகம் 8.3 எம்பி. நொடிக்கு 25 சட்டகங்கள் எனில் 207 எம்பி. கைப்பேசிகள் எடுக்கும் 4கே படத்தில் இது நான்கு மடங்கு. பத்து நொடிக் காட்சியை விரித்து வைத்தால் 8 ஜிபிக்கு மேல் ஆகிறது. தொகுப்பு மென்பொருள்கள் முழுப் படத்தையும் இவ்வாறு விரிப்பதில்லை, வேண்டிய பகுதியை மட்டுமே வைத்துக்கொள்கின்றன. எனினும் காட்சி அடுக்குகளும் நிறத்திருத்தமும் சேரச்சேர இடம் நிரம்பும். நிரம்பியபின் கணினி எஞ்சியதை வட்டில் எழுதத் தொடங்கும். வட்டு எத்துணை விரைவானதாயினும் நினைவகத்தோடு ஒப்பிட மெதுவானதே. அந்நிலையில் விலையுயர்ந்த அதிவேக நினைவகமும் வட்டுக்காகக் காத்துத்தான் நிற்கும்.

இனி அளவுகள். மினிடிவி நாடாவின் படம் 720 பெருக்கல் 576 புள்ளிகளே. ஒரு மணி நேரப் பதிவு வட்டில் ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கும், ஆனால் அதைத் தொகுக்க 8 ஜிபி நினைவகம் கொண்டு ஒப்பேற்றலாம். முழு எச்டிக்கு 16, 4கேக்கு 32 என்பது எங்கள் பரிந்துரை. அடோபி பிரீமியர் புரோவைத் தயாரிப்போரும் எச்டிக்கு 16, 4கேக்கு 32 அல்லது அதற்கு மேல் என்றே கூறுகின்றனர். இலவசப் பதிப்பும் உள்ள டாவின்சி ரிசால்வுக்கு 16. அதன் ஃபியூஷன் பகுதியைப் பயன்படுத்துவோருக்கு 32. வீட்டுத் தேவைக்கு 64 என்பது பெரும்பாலும் ஆடம்பரமே.

வாங்கும் முறையிலும் கவனம் வேண்டும். 16 ஜிபி வேண்டுமெனில் ஒரே ஸ்டிக்காக வாங்காமல் 8 ஜிபி இணையாக வாங்குங்கள். இரு தடங்களில் தரவு பாயும். தாய்ப்பலகையில் நான்கு செருகுவாய்கள் இருந்தால் இரண்டு பின்னாளுக்குக் காலியாக நிற்கட்டும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிற்கும் 288 ஊசிகளே எனினும் வெட்டுத்தடம் வேறிடத்தில் உள்ளதால் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. 3200 என்று அச்சிட்ட ஸ்டிக்கும் பயாஸில் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காவிடில் குறைந்த வேகத்தில் ஓடக்கூடும். வேகத்திற்குப் பணம் கொடுத்தோர் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. மடிக்கணினி வாங்குவோர் நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும். 2020 முதல் வரும் ஆப்பிளின் எம் வரிசை மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பின்னர் கூட்ட வழியில்லை. அங்கு மட்டும் சற்றுத் தாராளமாக வாங்குவதே அறிவுடைமை.

விலை ஏறுமுன் இயன்ற அளவு வாங்கிப் போடுவதே நல்லது என்பார் உளர். 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியதைக் கண்டபின் அக்கவலையைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் விலை ஏறும்போதுதான் தேவையை அளந்து வாங்க வேண்டும் என்கிறோம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். தொகுப்புப் பணி நடக்கும்போது அதில் நினைவகப் பயன்பாட்டைப் பாருங்கள். பாதிதான் நிரம்பியிருக்கிறது, இருந்தும் படம் தடுமாறுகிறது எனில் குறை வேறெங்கோ உள்ளது. ப்ராக்ஸி எனப்படும் சிறிய நகல்களை உருவாக்கி அவற்றில் வெட்டி ஒட்டினால், பழைய கணினியிலும் 4கே வேலை நடக்கும்.

நினைவகம் என்று நாம் பெயரிட்டிருக்கும் இப்பொருள், மின்சாரம் நின்ற கணமே யாவற்றையும் மறந்துவிடும். காக்கும் வேலை வட்டுகளுடையது. வட்டும் ஒருநாள் பழுதாகும் என்பதால் இரண்டு நகல்கள் வேண்டும். நாடாக்களோ ஆண்டுதோறும் நலிகின்றன. அவற்றை ஓட்டும் கேமராக்களும் ஃபயர்வயர் இணைப்புள்ள கணினிகளும் அரிதாகி வருகின்றன. சிறந்த கணினி அமையட்டும் என்று தள்ளிப்போடுவதைவிட, இருக்கும் கணினியில் நாடாக்களை முதலில் ஏற்றி, இரண்டு வட்டுகளில் நகலெடுத்து வைப்பதே உடனடிக் கடமை. தொகுப்பதை அடுத்த ஆண்டும் செய்யலாம். நாடாவில் அழிந்த குரலை எத்தனை ஜிபி வாங்கினாலும் மீட்க இயலாது.