கணிப்பொறித் திரையின் மாற்றமும் பழகிய கையின் குறையும்

மைசூர் நகரின் மேற்குப் பகுதியில் உள்ள விஜயநகர், பல கட்டங்களாக விரிந்து வளர்ந்த குடியிருப்பாகும். அதற்கு அண்மையில் உள்ள மானசகங்கோத்திரியில் மைசூர்ப் பல்கலைக்கழகமும், 1969ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அமைந்துள்ளன. ஆகவே, எழுத்துப் பணி, மொழிபெயர்ப்பு, பதிப்பு ஆகியவற்றின் பொருட்டுக் கணிப்பொறியின் முன் நாள் முழுவதும் அமர்ந்திருப்போர் இப்பகுதியில் வாழ்வது இயல்பே. 2025 அக்டோபர் 14ஆம் நாளன்று விண்டோஸ் 10 என்னும் இயக்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றபோது, உலகெங்கும் உள்ளவர்களைப் போலவே இத்தகையோரும் புதிய பதிப்பிற்கு மாறுவதைப் பற்றி எண்ண வேண்டியதாயிற்று. அம்மாற்றத்தோடு திரையின் அமைப்பும் மாறுகிறது.

திரை மாறும்போதெல்லாம் பயன்படுத்துவோரிடமிருந்து முறையீடு எழுகிறது. அதனைப் பழமைப் பற்று என்றும், கற்றுக்கொள்ள மனமின்மை என்றும் ஒதுக்கிவிடுவது வழக்கமாக இருந்துவருகிறது. இவ்வழக்கம் நியாயமானதன்று. முறையீடுகளில் பெரும்பகுதிக்கு விஞ்ஞான முறையில் விளக்கம் உண்டு.

தட்டச்சாளர் ஒருவர் ஒவ்வொரு எழுத்தையும் தேடி அழுத்துவதில்லை. விரல் தானாகவே செல்கிறது. திரையில் உள்ள பொத்தான்களைப் பொறுத்தும் இதுவே உண்மை. பல்லாயிரம் முறை செய்த செயல் கைப்பழக்கமாகிவிட்டதும், மனம் அதிலிருந்து விடுபட்டுப் பணியின் பொருளில் ஈடுபடுகிறது. பொத்தானின் இடத்தை மாற்றினால் மனம் மீண்டும் பொத்தானைத் தேடப் புறப்படுகிறது. எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் நடுவில் அறுபடுகிறது.

1954ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் பால் ஃபிட்ஸ் வகுத்த விதியொன்று இங்குக் கருதத்தக்கது. ஓர் இலக்கைக் கை சென்றடையும் நேரம், அவ்விலக்கின் தொலைவையும் அகலத்தையும் பொறுத்தது என்பது அவ்விதியின் சாரம். திரையின் மூலையில் உள்ள பொத்தானைக் குறிபார்க்க வேண்டுவதில்லை. சுட்டியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அது மூலையில் சென்று நின்றுவிடும். 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 முதலாக இடப்புறக் கீழ்மூலையில் இருந்த தொடக்கப் பொத்தான் எளிதாகக் கைக்குப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம். 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 அப்பொத்தானைக் கீழ்வரிசையின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தது. அங்கே புதிய செயலிகள் திறக்கப்படுந்தோறும் வரிசை நீள, பொத்தானும் சற்றே நகர்ந்துவிடுகிறது. அமைப்புகளில் மாற்றிக்கொண்டால் அது பழைய மூலைக்குத் திரும்பும். ஆனால் அத்தகைய வழி உண்டென்பதைப் பயன்படுத்துவோருக்கு எவரேனும் கூற வேண்டும்.

முந்தைய வரலாறும் இதையே உணர்த்துகிறது. 2012 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 8, தொடக்கப் பொத்தானை அறவே நீக்கித் திரை முழுவதையும் வண்ணக் கட்டங்களால் நிரப்பியது. தொடுதிரைக்கு ஏற்ற அவ்வமைப்பு, விசைப்பலகையும் சுட்டியும் கொண்டு பணிபுரிந்தோருக்கு இடையூறாயிற்று. எதிர்ப்பு வலுத்ததால் மறு ஆண்டில் பொத்தானும், 2015இல் விண்டோஸ் 10 வாயிலாகப் பழைய பட்டியலும் புதிய உருவில் திரும்பிவந்தன. 2011இல் லினக்ஸ் உலகிலும் குனோம் 3 என்னும் மேசைத்தளம் பெருமாற்றங்களுடன் வெளிவந்தது. லினக்ஸின் கருவை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அதனை வெளிப்படையாகக் கண்டித்து, சில காலம் வேறொரு மேசைத்தளத்திற்கு மாறினார். அவரைக் கணிப்பொறி அறியாதவர் என்று எவரும் கூறமாட்டார். மாற்றத்தை ஏற்காதோர் பழைய குனோமைத் தொடர்ந்து பேணும் பொருட்டு மாத்தே என்னும் மேசைத்தளத்தை உருவாக்கினர்.

எல்லா முறையீடுகளும் சரியானவையே என்பதும் பொருந்தாது. தொடக்கப் பொத்தானும் 1995இல் புதுமையாகவே வந்தது. சில வாரங்களில் மறையும் குறை வேறு. சில மாதங்கள் சென்ற பின்னும் பணியைத் தாமதப்படுத்தும் குறை வேறு. இரண்டையும் பகுத்தறிவதே அறிவுடைமை. அவ்வாறு பகுத்தறியக் காலமும் வாய்ப்பும் அளிக்கப்பட வேண்டும்.

தமிழர்களுக்கு இவ்வகையில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. உயிரெழுத்துக்கள் ஒருபுறமும் மெய்யெழுத்துக்கள் மறுபுறமுமாக அமைந்த அம்முறை புதிதாகக் கற்போருக்கு எளிது. ஆயினும் தட்டச்சுப் பயிலகங்களில் பயின்று தேர்வில் வென்று பணிக்கு வந்தவர்களின் விரல்கள் பழைய தட்டச்சு முறையிலேயே பழகியிருந்தன. தமிழ் எழுதிகளை ஆக்கியோர் அவர்களைக் கைவிடவில்லை. என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றில் தமிழ்99, பழைய தட்டச்சு, ஒலிபெயர்ப்பு முதலிய முறைகள் அருகருகே வைக்கப்பட்டன. பழகியோர் பழையதைத் தொடர்ந்தனர். புதியோர் புதியதைக் கற்றனர். எவருடைய பணியும் தடைப்படவில்லை.

2023இல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவின் அடிப்படையில் அமைந்த மாயா என்னும் இயக்குதளத்தை ஏற்க முற்பட்டபோது, அதன் தோற்றம் விண்டோஸை ஒத்திருக்கும் என்றும், மாற்றம் பயன்படுத்துவோருக்கு அதிகமாகத் தோன்றாது என்றும் செய்திகள் வெளிவந்தன. உள்ளே இயக்குதளம் முழுவதும் மாறினும், கைக்குப் பழகிய தோற்றம் மாற வேண்டுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

இம்மாற்றங்களின் செலவு நிறுவனங்களின் கணக்கில் ஏறுவதில்லை. மேசையின் முன் அமர்ந்திருப்பவரின் கணக்கிலேயே ஏறுகிறது. இருபது ஆண்டுப் பழக்கமுள்ள எழுத்தர் ஒருவர் திங்கட்கிழமை காலையில் தம் கணிப்பொறியைத் திறந்து, கோப்பு இருக்குமிடம் தெரியாமல் பக்கத்து மேசையில் உள்ள இளைஞரை அழைக்கிறார். அன்று முடிய வேண்டிய பக்கங்கள் முடிவதில்லை. தாமதம் அவருடைய திறமைக் குறைவாக எண்ணப்படுகிறது. நாளடைவில் அவரே அவ்வாறு எண்ணத் தொடங்கிவிடுகிறார். திரையின் குறை மனிதனின் குறையாக மாறும் இந்நிலையே மிகவும் வருந்தத்தக்கது.

ஆகையால், கணிப்பொறிகளை மாற்ற முற்படும் அலுவலகங்கள் சிலவற்றை முன்கூட்டியே செய்வது நலம். மாற்றம் வரும் நாளையும் அதன் தன்மையையும் முன்னரே அறிவித்தல் வேண்டும். பழைய அமைப்பிற்குத் திரும்பும் வழி இருப்பின் அதனைக் காட்டித்தர வேண்டும். புதியதைக் கற்கும் நேரம் பணிநேரமாகவே கருதப்பட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பயன்படுத்துவோர் கூறும் குறைகள் எழுத்தில் பதிவு செய்யப்பட்டு, மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் ஆராயப்பட வேண்டும். அதன் பின்னும் எஞ்சி நிற்கும் குறை, மனிதரிடத்தில் அன்றிக் கருவியிடத்திலேயே உள்ளது என்று கொள்வதில் தவறில்லை.