தேய்மானக் கணக்கு

'கார் இருக்கும்போது மாட்டு வண்டி எதுக்கு சார்?'

'ஹிஸ் மெஜஸ்டிஸ் சாக்பட்ஸ் அண்ட் கார்னெட்ஸ்' குழுவின் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டியபோது நண்பர் கேட்ட கேள்வி இது. 1982-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த குழு. நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஊதுகருவிகளை அதே அளவில் செய்யவைத்து, அந்தக் காலத்து இசையை வாசிக்கிறார்கள்.

நண்பரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. 'பழசில் குறை இருந்தது, அதனால்தான் புதுசு வந்தது. இவர்கள் மியூசியம் நடத்துகிறார்கள்' என்று பேசுகிறவர்கள் மேல்நாட்டிலேயே உண்டு. நான் பி.காம். படித்தவன். இது தேய்மானக் கணக்கு. மில் மெஷினுக்குப் போடலாம். இசைக்கருவிக்குப் போட்டால் கணக்கே தப்பு.

கார்னெட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த மரத்தை இரண்டு பாதியாகக் குடைந்து, ஒட்டி, தோல் போர்த்தியிருப்பார்கள். வாய் வைக்கிற இடத்தில் டிரம்பெட் மாதிரி கிண்ணம். விரலுக்குப் புல்லாங்குழல் மாதிரி துளைகள். வாசிப்பது படுகஷ்டம். ஆனால் மனுஷக் குரலுக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிற கருவி வேறில்லை என்று அந்தக் காலத்திலேயே கொண்டாடினார்கள். இது டிரம்பெட்டுக்குத் தாத்தா இல்லை. வாரிசில்லாமல் போன தனி இனம். அப்புறம் எது 'புது மாடல்'?

சாக்பட்டுக்கு வாரிசு உண்டு, டிராம்போன். ஆனால் சாக்பட்டின் குழாய் ஒல்லி, வாய் சின்னது. பாடுகிறவர் பக்கத்தில் நின்று ஊதினாலும் அவர் குரலை விழுங்காது.

வெனிஸ் செயின்ட் மார்க் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த ஜியோவன்னி கேப்ரியேலி, 1597-ல் 'சொனாட்டா பியான் எ ஃபோர்ட்டே'யை அச்சிட்டார். ஒரு அணியில் கார்னெட்டோவும் மூன்று டிராம்போனும். எதிர் அணியில் ஒரே ஒரு வயலினும் மூன்று டிராம்போனும். எங்கே மெதுவாக, எங்கே உரக்க என்பதையும் குறித்தே வைத்தார். அப்போது அது அபூர்வம். அவர் சொன்ன டிராம்போன், இந்த ஒல்லி சாக்பட்தான். இப்போதைய டிராம்போன் ஆறு பேர் முழு மூச்சில் ஊதினால் அந்த ஒற்றை வயலின் கதி என்ன? வயலினைத் தூக்கிவிட்டு, அந்த இடத்திலும் ஒரு பித்தளைக் கருவியை உட்காரவைத்து வாசிப்பது சர்வசாதாரணம். கம்பீரமாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். கேப்ரியேலி கேட்டது அது இல்லையே!

இங்கிலாந்தில் 'வெயிட்ஸ்' என்று, நகர நிர்வாகத்தின் சம்பளத்தில், சீருடையில் ஊதியவர்கள் இருந்தார்கள். ஆரம்பத்தில் அவர்கள் கையில் இருந்தது ஷாம். நம்ம நாகஸ்வரம் மாதிரியே சீவாளி வைத்து ஊதுவது. நடுவில் கருவிகள் மாறின, ரசனை மாறியது, வாஸ்தவம். 1835-ல் நகராட்சிச் சட்டம் வந்து அந்த வேலைக்கே முற்றுப்புள்ளி வைத்தது. சம்பளம் போனால் சிஷ்யன் வரமாட்டான். சிஷ்யன் இல்லாவிட்டால் கருவி செய்கிறவருக்கு என்ன வேலை? ஆளையும் ஆர்டரையும் நிறுத்திவிட்டு, 'கருவி காலாவதி' என்று எழுதுவதற்குப் பெயர் கணக்கா?

இருபதாம் நூற்றாண்டில் கார்னெட்டோவைத் திரும்பக் கையில் எடுத்தவர்களுக்குச் சொல்லித்தர வாத்தியார் கிடையாது. மியூசியத்தில் கிடந்த கருவிகளை அளந்து பார்த்தார்கள். வெனிஸ் கார்னெட்டோ வித்வான் ஜிரோலமோ டல்லா காஸா 1584-ல் போட்ட பயிற்சிப் புத்தகம் மாதிரியானவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து ஊதிப் பழகினார்கள்.